சத்தம் வெளியே போகாத வீடு

லூனாஸ், மலேசியா
10 நவம்பர் 2024

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து மிரளாதே. லாரி ஸ்டீயரிங் பிடித்த கைக்குப் பேனா ரொம்ப மெலிசாக இருக்கிறது. கடைசியாக நான் எழுதிய கடிதம் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற மண்டோருக்கு, லீவு கேட்டு. அதில் என் பெரியப்பாவை இரண்டாம் முறையாகச் சாகடித்திருந்தேன். லீவு கிடைக்கவில்லை.

உன் அம்மா போட்ட சட்டம் உனக்கும் வந்து சேர்ந்திருக்கும். "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. எழுதிக்குங்க. தபால் போய்ச் சேர்றதுக்குள்ள கோவம் ஆறிடும்லா." நவமணி ஒன்று சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது.

தீபாவளியன்று நீ கட்டிக் கொடுத்த புது வீட்டின் ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்தது உண்மைதான். தீபாவளிக்கு வாசலைச் சாத்தி வைத்திருக்கிற வீட்டுக்கு யார் வருவார்கள் சொல். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் இருக்கிற முப்பது குடும்பமும் வந்தது. கையில் முறுக்கோடு ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தார்கள். சூட்டையும் கரண்டையும் அளக்க ஹால் சுவரில் நீ மாட்டச் சொன்ன பெட்டி இருக்கிறதே, பச்சைக் கண்ணை முழித்துக்கொண்டு, அது கிளாஸ்கோவில் இருக்கிற உனக்குக் கோள் சொல்லிவிட்டது. நீ போன் எடுத்து தீபாவளி வாழ்த்துக்கு முன்னால், "அப்பா, ஜன்னல மூடுங்க" என்றாய். நான், "வீட்டக் கட்டிக் குடுத்தியா, ஜெயிலக் கட்டிக் குடுத்தியா" என்றேன். முதலில் போனை வைத்தது யார் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை விட்டுவிடுவோம்.

வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கூரையில் விழுகிற வெயிலில் வருகிற கரண்டுக்குள்ளேயே இந்த வீடு தன் செலவை முடித்துக்கொள்ளும். கேஸ் கிடையாது, விறகு கிடையாது, கரண்ட் அடுப்புதான். சுவர் செங்கல் இல்லை, அழுத்திய மண்ணும் செம்பனை நாரும். காற்று இடுக்கு வழியாக நுழையாது, மெஷின் வழியாகத்தான் வரும். சின்னையா அண்ணன் கேட்டார், "அப்ப நீ மூச்சு விடுறதுக்கும் கணக்கு இருக்கா தம்பி?" இருக்கு அண்ணே என்றேன். பெட்டி அதையும்தானே எண்ணுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்பதில்லை. வாசலில் நின்றால் வலது கைப் பக்கம் முனியாண்டி கோயில், அங்கே உடுக்கை அடித்தாலும் நமக்கு ஊமைப்படம்தான். உள்ளே கத்தினாலும் வெளியே போவதில்லை. போன வாரம் அம்மா குளியலறையில் பல்லியைப் பார்த்துக் கத்தினாள். வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த எனக்குக் கேட்கவில்லை. கேட்டும் வரவில்லை என்று அவள் தீர்மானம் செய்துவிட்டாள்.

ஜன்னலை மூடிவிட்டேன். இனி திறக்க மாட்டேன். நீ சாப்பிடு. அங்கே குளிர் என்று கேள்விப்பட்டேன். அதில் கொஞ்சம் பார்சல் அனுப்பினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா காளிதாசன்


கிளாஸ்கோ
27 நவம்பர் 2024

அப்பா,

கடிதம் கிடைத்தது. முதலில் போனை வைத்தது நீங்கள்தான். சரி, விட்டுவிட்டேன்.

நான் உங்களை ஜெயிலில் போடவில்லை. மாதிரிக்குக் கட்டும் முதல் வீட்டில் யார் குடியிருப்பது என்று கேட்டபோது லயத்தில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும், "என் மக கட்டுன வீட்டுல நானே இருக்கேன்" என்று எழுந்து நின்றதாகக் கூட்டத்துக்குப் போன எங்கள் ஆள் வந்து சொன்னார். அன்றைக்கு நான் அலுவலகக் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். இதை உங்களிடம் போனில் சொல்லியிருக்க மாட்டேன். அம்மாவின் சட்டத்தில் ஏதோ இருக்கிறது.

ஆனால் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். தோட்டம் விற்றுப் போய்விட்டது. அடுத்த டிசம்பருக்குள் லயம் காலியாக வேண்டும். எங்கள் நிறுவனம் அந்த முப்பது குடும்பத்துக்கும் வீடு கட்டித் தருமா என்பது உங்கள் ஒரு வீட்டை வைத்துத்தான். ஒரு வருஷம் முழுக்க அந்த வீடு வெயிலில் வாங்கிய கரண்டுக்குள் செலவு செய்து, உள்ளே மனிதர் இருக்கிற மாதிரி குளுமையாகவும் இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும். ஒன்று தவறினாலும் சின்னையா பெரியப்பா வீட்டுக்கு அஸ்திவாரம் கிடையாது.

இப்போது கணக்கு சரியாக வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் வீடு என் கணக்கை மீறிச் சூடாகிறது. ஏர்கோன் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது. கூரை தருகிற கரண்ட் நான் எதிர்பார்த்த அளவு வருகிறது, ஆனால் அதை ஏர்கோனே தின்று தீர்க்கிறது. இரண்டு வாரமாக எங்கே தப்பு என்று தேடுகிறேன்.

வீடு வரைபடத்தின்படிதான் இருக்கிறது அல்லவா? கட்டி முடித்தபோது நான் வந்து பார்த்திருக்க வேண்டும். இங்கே வேலையை விட்டு நகர முடியவில்லை. "அங்குலம் மாறல" என்று நீங்கள் சொன்னீர்கள், அதை நம்பி, வரைபடத்தின்படி கட்டப்பட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பின்பக்கக் கதவின் ரப்பர் ஓரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

யோகி


லூனாஸ்
14 டிசம்பர் 2024

அன்பு யோகிக்கு,

ரப்பர் ஓரம் நன்றாக இருக்கிறது. நான் விரலை விட்டுப் பார்த்தேன், கதவு என் விரலைத் திருப்பித் தர யோசித்தது.

அங்குலம் மாறவில்லை. நடராஜாவிடம் மறுபடியும் கேட்டேன். "அண்ணே, ஒங்க மக பிளான்ல கொசு உக்காந்த கறைய கூட அளந்து கட்டிருக்கேன்" என்றான். கான்ட்ராக்டர் சொல்வதில் பாதியைத் தள்ளினாலும் அளவு சரிதான். நானே டேப் பிடித்துப் பார்த்தேன்.

அம்மா கொஞ்ச நாளாகத் தஞ்சோங் டாவாயில் பிரேமாவதி சித்தி வீட்டில் இருக்கிறாள். கடல் காற்று வேண்டுமாம். சண்டை ஒன்றுமில்லை. போகும்போது, "இந்த டப்பாக்குள்ள இன்னும் ரெண்டு நாள் இருந்தேன்னா நான் கருவாடுலா" என்றாள். தஞ்சோங் டாவாயில் கருவாடு போடுகிறார்கள் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. காடியில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிற வரைக்கும் பேசவில்லை.

எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் வீடு சும்மா இருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு நான் ஹபீப் நானா கடையில் போய் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்துகொள்கிறேன். பாலில்லாத ஒரு தே ஓ வாங்கினால் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதில் நானாவுக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை. நேற்று அவர் மகள் அகீலா வந்து, "அங்கிள், வாப்பா கேக்கச் சொன்னாங்க, ஏர்கோன் வச்ச புது வீட்ட விட்டுட்டு ஏன் எங்க காத்தாடிய தேய்க்கிறீங்கன்னு" என்றாள். வயதானால் மனிதர் முகம் பார்க்க வேண்டும் போல் இருக்கிறதம்மா என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஆனால் நாள் முழுக்க அங்கே இருக்க முடியாது. ஆள் குடியிருக்கிற வீடு என்று பெட்டிக்குத் தெரிய வேண்டுமே. மத்தியானம் திரும்பி வந்து உட்காருகிறேன். நானும் பெட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது கண்ணை மூடுவதே இல்லை.

சின்னையா அண்ணன் வாரம் தவறாமல் வந்து கேட்கிறார், "யோகி என்னப்பா சொல்லுது? நம்ம வீடு வந்துருமா?" என்று. வந்துடும் அண்ணே என்கிறேன். அப்புறம் அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார், மாட்டைத் தடவுகிற மாதிரி.

நீ தப்பு தேடிக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. மழை நின்று வெயில் பிடிக்கிறது, அதனால் இருக்கும்.

அப்பா


கிளாஸ்கோ
30 டிசம்பர் 2024

அப்பா,

வெயில் பிடித்தால் சூடாகும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பேனா?

நேராகவே கேட்கிறேன். மத்தியானம் முழுக்க ஏர்கோன் நின்றிருக்கிறது. பெட்டி சொல்கிறது. ஏர்கோன் நின்ற நேரத்தில் வீட்டுக்குள் முப்பத்து நாலு டிகிரி. அந்த நேரத்தில் உள்ளே ஓர் ஆள் மூச்சு விட்டுக்கொண்டும் இருக்கிறார். அது நீங்கள். ஏர்கோன் பழுதா, அல்லது நீங்கள் அணைக்கிறீர்களா? அம்மாவிடம் கேட்டேன். "ஒங்கப்பாகிட்டயே கேளு, எனக்கு எதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டு மீன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அம்மா பேச்சை மாற்றினால் அதற்குப் பின்னால் நீங்கள்தான் இருப்பீர்கள்.

இங்கே என் நிலைமையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மார்ச் முதல் வாரத்தில் கூட்டம். என் மேலதிகாரி நல்ல பெண்மணி, ஆனால் போன வாரம், "இந்த மாதிரி இறுக்கி மூடிய வீடு குளிர் நாட்டுக்குத்தான் சரிப்படுமோ, யோகா?" என்று கேட்டுவிட்டார். நான் இல்லை என்றேன். எதை வைத்துச் சொல்கிறாய் என்றார். என் கணக்கை வைத்து என்றேன். அவர் பெட்டி அனுப்பிய படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

சுவரின் கனத்தை மறுபடி கணக்கிட்டேன். கூரையை, கண்ணாடியை, காற்று மெஷினை, எல்லாவற்றையும். ஒவ்வொரு தடவையும் அதே விடை. வீடு குளுமையாக இருக்க வேண்டும். ஆனால் வீடு கொதிக்கிறது. அப்படியானால் நான் படித்ததிலேயே எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை தெரியாமல் முப்பது குடும்பத்துக்கு ஆசை காட்டியிருக்கிறேன். கூட்டத்தில் நானே எழுந்து, இந்தத் திட்டத்தைக் கைவிடலாம் என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று சில நாளாகத் தோன்றுகிறது.

இந்த அறையில் ஒரே ஜன்னல். அதுவும் குளிருக்காக ஒட்டி மூடியது. நீங்கள் அங்கே, நான் இங்கே.

ஏர்கோனைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள்.

யோகி


லூனாஸ்
15 ஜனவரி 2025

அன்பு யோகிக்கு,

ஏர்கோன் நன்றாக இருக்கிறது. நான்தான் அணைத்தேன். அது ஓடினால் கரண்ட் போகிறது, உன் கணக்குக் கெடுகிறது என்று நீதானே எழுதினாய். சரி, அணைத்துவிட்டு நான் வியர்த்துக்கொண்டு இருந்தால் கரண்டாவது மிஞ்சுமே என்று பார்த்தேன். குளுமையையும் அந்தப் பெட்டி எழுதிக்கொள்கிறது என்பதை மறந்துவிட்டேன். பள்ளிக்கூடத்து எஸ்.ஆர்.பி. கணக்குப் பரீட்சையிலும் எனக்கு இப்படித்தான். ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் கசிந்துவிடும். கோபித்துக்கொள்ளாதே. நாளையிலிருந்து அணைக்க மாட்டேன்.

ஆனால் கைவிடலாம் என்று மட்டும் எழுந்து சொல்லிவிடாதே யோகி. உன் படிப்பில் ஓட்டை இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரியும், அவ்வளவுதான்.

நேற்று பொங்கல். அம்மா வந்திருந்தாள். வீட்டுக்குள் விறகு எரிக்கக் கூடாது என்று உன் சட்டம் இருப்பதால் வாசலுக்கு வெளியே மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினோம். லயத்து ஜனங்களும் வந்துவிட்டார்கள். பொங்கி வழிந்தபோது சின்னையா அண்ணன், "அடுத்த பொங்கல் எங்க வீட்டு வாசல்ல" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பானையைப் பார்த்தேன். சாயங்கால வெயில் ஏறும் முன்னே அம்மா கிளம்பிவிட்டாள். நடராஜா அந்தப் பக்கம் போனான், அவன் காடியிலேயே ஏறிக்கொண்டாள். போகும்போது என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "எத்தன நாளைக்கு இப்படி வெந்துகிட்டு இருப்பீங்க" என்று கேட்டாள்.

அப்புறம் நான் தனியாகச் சமையலறை மேசையில் உட்கார்ந்து மிச்சப் பொங்கலைச் சாப்பிட்டேன். நேரே எதிர் ஜன்னல் வழியாகச் சூரியன் உள்ளே வந்து என் தட்டிலேயே உட்கார்ந்துகொண்டது. பொங்கலே அவருக்குத்தானே, பங்கு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பொங்கல் மறுபடி சூடாகிவிட்டது. கரண்ட் அடுப்புக்குச் செலவு மிச்சம். இதைப் படித்து நீ சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சிரித்தாயா?

அப்பா


கிளாஸ்கோ
28 ஜனவரி 2025

அப்பா,

சிரிக்கவில்லை.

சமையலறை ஜன்னல் வடக்குப் பார்த்தது. ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வடக்கு ஜன்னலில் ஒரு துளி வெயில் விழ வழியில்லை. அந்த வீட்டின் பெரிய ஜன்னல்கள் எல்லாம் வடக்கும் தெற்கும்தான் பார்க்க வேண்டும், காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக உள்ளே வரக் கூடாது என்பதற்காக. கிழக்கும் மேற்கும் வெறும் கனத்த சுவர். அந்த வீட்டின் உயிரே அதுதான்.

உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். வாசலில் நின்றால் முனியாண்டி வலது கைப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் வரைபடத்தில் அந்த இடம் வாசலுக்கு நேர் எதிரே.

வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

யோகேஸ்வரி


லூனாஸ்
9 பிப்ரவரி 2025

யோகி,

கிழக்கு.

நீ ஒரு வார்த்தைதான் கேட்டாய். மீதியையும் எழுதுகிறேன், படிக்காவிட்டால் பரவாயில்லை.

கயிறு பிடித்து அடையாளம் போட்ட அன்றைக்கு லயத்து ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். உன் காகிதத்தில் தெற்கு வாசல். நடராஜா குச்சி அடித்தான். அங்கே நின்று பார்த்தால் நேரே மரம், மரத்தடியில் முனியாண்டி, அவர் சூலம் நம் ஹாலுக்குள்ளே நுழைகிற மாதிரி. நடராஜாவின் ஆட்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சின்னையா அண்ணன்தான் சொன்னார், "தம்பி, அவரு ராத்திரி எந்திரிச்சிப் போற தடம் இது. தடத்துல வாச வச்சா அவரு எங்க போவாரு? ஒன் வீட்டுக்குள்ள பூந்துதான் போவணும்." அவர் சம்சாரம், "இதுதான் மாதிரி வீடுன்னா எங்களுக்கு வேணாம்லா, நாங்க லயத்துலயே கெடந்து சாவுறோம்" என்றது. நடராஜா என்னிடம் வந்து, "அண்ணே, என் ஆளுங்க தோண்ட மாட்டாங்க. என்ன செய்ய?" என்றான்.

உனக்குப் போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் என்ன ஆகும்? நீ விஞ்ஞானம் சொல்வாய், நான் முனியாண்டி சொல்வேன், இரண்டாவது நிமிடம் யாராவது போனை வைப்போம். நான் காகிதத்தைப் பார்த்தேன். அளவு எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றையும் மாற்ற வேண்டாம், காகிதத்தை மட்டும் ஒரு கால் சுற்றுத் திருப்பிப் பிடித்தேன். வாசல் கிழக்கே வந்துவிட்டது. முனியாண்டி பக்கவாட்டில் போய்விட்டார். நடராஜா, "இது நல்லாருக்கே" என்றான். மண்வெட்டிகள் மறுபடியும் எழுந்தன. நான் சத்தியமாக நினைத்தேன், அதே வீடுதானே, அதே அறைகள்தானே. லாரியை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாலும் லாரி லாரிதான். வீட்டுக்குத் திசை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அங்குலம் மாறல என்று சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

உன் நவம்பர்க் கடிதம் வந்த அன்றுதான் புரிந்தது. மத்தியானத்துக்கு மேல் சூடாகிறது என்று எழுதியிருந்தாய். நான் சமையலறையில் நின்று அந்த ஜன்னலைப் பார்த்தேன். சூரியன் என்னைப் பார்த்தது. அன்றிலிருந்து எனக்கு வழி தெரியவில்லை. சொல்லாவிட்டால் உன் கணக்குத் தப்பு என்று ஆகிறது. சொன்னால் நீ பார்க்காமல் போட்ட கையெழுத்துத் தப்பு என்று ஆகிறது. இரண்டிலும் நீதான் மாட்டுகிறாய். நான் செய்த காரியத்தில் நான் மாட்டுகிற மாதிரி ஒரு வழிகூட இல்லை. அதனால்தான் ஏர்கோனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்சமாவது நான் வேகிறேனே என்று ஒரு திருப்தி. அம்மாவுக்கு விஷயம் தெரியும். சொல்லச் சொன்னாள், நான் கேட்கவில்லை, கிளம்பிப் போய்விட்டாள். கடல் காற்றுக்காக இல்லை.

நாளை மறுநாள் தைப்பூசம். எல்லாரும் கிளம்புகிறார்கள். நான் போகவில்லை. வீட்டில் ஆள் இருக்க வேண்டும் அல்லவா.

உனக்கு எது நல்லதோ அதைச் செய். என் பெயரைப் போட்டுக்கொடு. படிக்காத அப்பன் காகிதத்தைத் திருப்பிவிட்டான் என்று சொல். அது உண்மைதானே.

அப்பா


கிளாஸ்கோ
11 மார்ச் 2025

அப்பா,

இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எழுத ஆரம்பித்த தாள்களை எல்லாம் கிழித்தேன். அம்மா போன் செய்தபோதும் எடுக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று முதலில் ஒரு வேலை செய்தேன். கணினியில் அந்த வீட்டைக் கிழக்கு வாசலாகத் திருப்பி வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். பெட்டி அனுப்பிய அதே சூடு, அதே ஏர்கோன் செலவு, வரி மாறாமல் வந்தது. மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். என் கணக்கில் ஓட்டை இல்லை. அந்த நிம்மதி ஒரு பத்து நிமிடம் இருந்திருக்கும். அதன் பிறகு கையெழுத்து ஞாபகம் வந்தது.

பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். இரண்டு வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டம் தோற்றது என்று முடிந்துவிடும். இந்த மாதிரித் தோல்வி இங்கே சகஜம், யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அடுத்த வேலை தருவார்கள். ஒவ்வொரு நாளும் அலுவலகம் போவேன், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன், திரும்பி வருவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த இடத்தின் வரைபடத்தில் வாசலுக்கு எதிரே ஒரு வட்டம் போட்டு 'மரம்' என்று எழுதியிருந்தேன். நான் அந்த மரத்தடியில் தேங்காய்ச் சில்லுக்காகக் காத்திருந்து வளர்ந்தவள். அது வெறும் மரம் இல்லை என்று எனக்குத் தெரியும். நிழல் கிடைக்கும் என்று மட்டும் எண்ணிக்கொண்டேன். அங்கே கோயில் என்று எழுதினால் இங்கே யாராவது கேள்வி கேட்பார்கள், விளக்க வேண்டிவரும் என்று மரம் என்று எழுதிவிட்டேன். நீங்கள் காகிதத்தைத் திருப்பினீர்கள். நான் அதற்கு முன்னாலேயே அவரை அழித்துவிட்டேன்.

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான் என்றேன். பிறகு இரண்டு நாள் கழித்து முடிவு சொன்னார்கள்.

திட்டத் தலைமையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இதுவரை எழுதிய கணக்கு எல்லாம் செல்லாது. வீடு இப்போது எப்படி நிற்கிறதோ அப்படியே, மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே நிழல்தட்டி போட்டு, முதல் நாளிலிருந்து இன்னொரு வருஷம் அளக்க வேண்டும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டால் கணக்கு சமமாகும் என்று கணினி சொல்கிறது, ஆனால் மயிரிழையில்தான். அதே குடும்பம், அதே மூடிய ஜன்னல். டிசம்பரில் லயம் காலியாக வேண்டும் என்ற கெடு இருக்கிறதே, அதைத் தள்ளிப்போடக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தோட்டத்தை வாங்கியவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. சின்னையா பெரியப்பாவிடம் இதை மறைக்க வேண்டாம்.

நான் ஒன்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். முப்பது வீட்டுக்கும் கோடு போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பத்தையும் அந்த இடத்தில் நிற்க வைத்து, வாசல் எங்கே வேண்டும் என்று கேட்க வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி ஜன்னலை நான் வைத்துக்கொள்கிறேன். அதைக் கேட்டு வர உங்களால் முடியுமா?

கடைசியாக ஒன்று. கையெழுத்துப் போட்டவர் இந்த ஒரு வருஷமும் அந்த வீட்டிலேயே தங்கி நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. ஏப்ரலில் வருகிறேன். முன் அறை எனக்கு. ஜன்னலைத் திறப்பதைப் பற்றிப் பேச்சே கூடாது.

உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. நேரில் வந்துதான் தீர்க்க வேண்டும்.

யோகி


லூனாஸ்
25 மார்ச் 2025

அன்பு யோகிக்கு,

கடிதத்தை ஹபீப் நானா கடையில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தே ஓ கொண்டுவந்து வைத்தார். கேட்காமல் வைத்தார். இத்தனை நாள் நான் உட்காரும் நேரத்தைத் தராசில் வைத்தவர்.

என் பெயரை ஏன் சொல்லவில்லை? வயதான காலத்தில் ஸ்காட்லாந்து வரைக்கும் கெட்ட பெயர் வாங்குகிற ஒரே வாய்ப்பு, அதையும் நீயே எடுத்துக்கொண்டாய். தலைமை போய்விட்டது என்று எழுதியிருந்த வரியை மட்டும் என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

சின்னையா அண்ணனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். காகிதம் திருப்பியதால் வந்த வினை என்று சொன்னேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டே, "திருப்பச் சொன்னது நாங்கதானப்பா" என்றார். லயத்தில் இன்னும் மூட்டை கட்டவில்லை. கட்டவும் பயம், கட்டாமல் இருக்கவும் பயம். கெடு தள்ளிப்போகுமா என்று நீ போன் பண்ணிச் சொல்லும் அன்றைக்கு அம்மா சட்டத்தை ஒரு நாள் தளர்த்துவாளாம்.

வாசல் கேட்கிற வேலையை ஆரம்பித்துவிட்டோம். நானும் அண்ணனும் குச்சியும் கயிறும் எடுத்துக்கொண்டு போனோம். எல்லாரும் முனியாண்டியை விட்டு விலகித்தான் நிற்கிறார்கள். ஒருத்தருக்குக் கிழக்கு, ஒருத்தருக்கு வடக்கு. ஷாமளா, தெரியுமே, தையல் கடை வைத்திருக்கிற பெண், அது மட்டும், "எனக்கு எந்தப் பக்கம்னாலும் சரி அங்கிள், கதவுன்னு ஒன்னு என் பேர்ல இருந்தா போதும்லா" என்றது. அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு ஏற்ற ஜன்னலை நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நடராஜா மேற்கே மூங்கில் தட்டி அடிக்கிறான். "இந்தத் தடவ பிளான் எந்தப் பக்கம் மேலன்னு அம்பு போட்டு அனுப்பச் சொல்லுங்கண்ணே" என்றான். சூரியன் இப்போது கோடு கோடாகத்தான் உள்ளே வருகிறது. நேற்று என் தட்டில் பாதிக்கு மேல் வரவில்லை. ஏர்கோனை நான் தொடவில்லை.

இன்னும் ஒரு வருஷம். பெட்டியிடம் சொன்னேன். பச்சைக் கண்ணை ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை.

அம்மா நீ வரும் முதல் நாள் வருகிறேன் என்றாள். அதற்கு மேலும் இருப்பாயா என்று கேட்டேன். "நீங்களும் அவளுமா? ஒரே வீட்டுலயா? ஜன்னலும் தெறக்கக் கூடாதா? நான் சமைச்சி வச்சிட்டுத் தஞ்சோங் டாவாய்க்கே போயிடுறேன்லா" என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் போன் பண்ணி, முன் அறைக்கு எந்த மெத்தை போட்டீர்கள் என்று கேட்டாள். அவள் துணிப்பெட்டியை மூடுகிற சத்தம் போனில் எனக்குக் கேட்டது.

கோபத்தை நேரில் தீர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சரி. விமானத்தில் கூடுதல் சுமைக்குக் காசு பிடிப்பார்கள், ஆனாலும் ஒன்று விடாமல் கொண்டு வா. முதல் நாள் சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு, ரப்பர் ஓரம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தீபாவளிக்கு முதலில் போனை வைத்தது யார் என்பதிலிருந்து ஆரம்பிப்போம். எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். சத்தம் வெளியே போகாது.

அப்பா